ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறீர்களா? எண், இணையம், தபால்: எதை எடுப்பது, எதை விடுவது

ஆகஸ்ட் பிறந்தால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். “அக்கா, அக்டோபர்ல செமஸ்டர் ஆரம்பம். ஜெர்மனியில எந்த சிம் நல்லது?” கேட்பவருக்கு அப்போதுதான் விசா கைக்கு வந்திருக்கும். பின்னாலேயே அவருடைய அம்மாவின் கேள்வியும் வரும்: “ஊறுகாய், பொடியெல்லாம் பார்சல்ல அனுப்பினா போய்ச் சேருமாம்மா?”

சிம் கேள்விக்குப் பதில் சுலபம். மாதம் பத்துப் பதினைந்து யூரோ விஷயம் அது; பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதமே மாற்றிக்கொள்ளலாம். யாரும் கேட்காத இரண்டு விஷயங்கள்தான் பிற்பாடு தலைவலியாகின்றன. ஒன்று, உங்கள் இந்திய எண். இன்னொன்று, ஜெர்மனியில் நீங்கள் குடியிருக்கப்போகும் கட்டடத்தின் வாசலில் இருக்கும் தபால் பெட்டி. அதனால் இவை இரண்டையும் விரிவாகப் பார்த்துவிட்டு மற்றதை வேகமாகக் கடக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பணம். விசாவுக்காக முடக்கக் கணக்கில் (ஒரு வருடச் செலவை முன்கூட்டியே போட்டு வைக்கும் “பிளாக்டு அக்கவுண்ட்”) போடுகிற 11,904 யூரோ, மாதம் 992 யூரோவாகத்தான் கைக்கு வரும். வாடகையும் மருத்துவக் காப்பீடும் போக மிஞ்சுவதில்தான் மற்ற எல்லாம். ஆகவே விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையைப் பார்க்காமல் வருடத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். 28 நாள் திட்டம் என்றால் வருடத்துக்கு 13 முறை கட்டுகிறோம். இது நமக்கு இந்தியாவிலேயே பழகிய கணக்குதான். ஜெர்மன் ப்ரீபெய்டிலும் பெரும்பாலும் நான்கு வாரக் கணக்குதான்.

இரண்டாவது, வெளியே வருவது எவ்வளவு சுலபம். சேர்வதற்கு ஐந்து நிமிடம், விலகுவதற்கு இரண்டு வருடம் என்றிருந்தால் அது மலிவான திட்டம் ஆகாது.

மூன்றாவது, போன் தொலைந்தால் என்ன ஆகும். ரயிலில் போனை விட்டுவிட்டு இறங்குவது நடக்காத காரியமில்லை. அன்றிரவு உங்கள் கையில் என்ன மிச்சம் இருக்கும் என்று இப்போதே யோசித்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு இந்த ஏற்பாடு என்ன வேலை வைக்கிறது. இதை யாரும் செலவுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

## இந்திய எண்: வைத்திருப்பதா, வீட்டில் விடுவதா, வெட்டுவதா?

வங்கி ஓடிபி, கல்விக் கடன் கணக்கு, ஆதார், டிஜிலாக்கர், வருமான வரிக் கணக்கு எல்லாமே அந்தப் பத்து இலக்கத்தில் தொங்குகின்றன. ஆதாரில் வெளிநாட்டு எண்ணைப் பதிய வழியில்லை என்பதால், “ஜெர்மன் எண் வந்ததும் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்கிறேன்” என்கிற திட்டம் பாதி வழியில் நின்றுவிடும்.

ஒன்று: சிம்மைக் கையோடு கொண்டுபோய், ரோமிங்கில் எஸ்எம்எஸ் மட்டும் வாங்குவது. பெரும்பாலோருக்கு இதைத்தான் சொல்வேன். வெளிநாட்டில் இருக்கும்போது எஸ்எம்எஸ் வருவதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. வேலிடிட்டியை உயிரோடு வைத்திருப்பதுதான் செலவு. 28 நாளுக்கு 199 ரூபாய் என்று போட்டுக்கொண்டே இருந்தால் வருடத்துக்கு 2,587 ரூபாய். டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டங்களைக் கொடுத்தாக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. அதன் பிறகு 2025 தொடக்கத்தில் ஜியோ 336 நாளுக்கும் ஏர்டெல் 365 நாளுக்கும் சுமார் 1,750 முதல் 1,850 ரூபாய்க்குள் திட்டங்கள் கொண்டுவந்தன. விலை அவ்வப்போது மாறும், கிளம்பும்போது ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வருடத்துக்கு ஒரே ரீசார்ஜ் என்கிற வசதிக்காகவே இந்த வகையை எடுக்கலாம். மாதா மாதம் அப்பாவுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

“90 நாள் வரைக்கும் எண் போகாதாமே, பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் போதுமாமே” என்று கேட்பார்கள். எண் பறிபோகாமல் இருக்க அந்த விதி உதவும், உண்மைதான். 90 நாள் எந்த உபயோகமும் இல்லாவிட்டால் 20 ரூபாயைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிப்பார்கள். ஆனால் வேலிடிட்டி முடிந்த எண்ணுக்கு அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் வருவது நின்றுபோகும். எண் உங்கள் பெயரில் இருக்கும், ஓடிபி மட்டும் வராது.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. கிளம்பும் முன்பே ஆப்பில் வெளிநாட்டு ரோமிங்கைச் செயல்படுத்தாவிட்டால், அங்கே போய் சிம்முக்கு சிக்னலே கிடைக்காது. டேட்டா ரோமிங்கை அணைக்காவிட்டால் பில் எகிறும். ரோமிங் பேக் போடாதபோது, வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு; கிரெடிட் கார்டு விற்கிறவரோடு நிமிடத்துக்கு நூறு ரூபாய்க்குக் கிட்டப் பேசுவானேன்? அதனால் ரோமிங்கில் வரும் அழைப்புகளைத் தடுத்து வைத்துவிடுங்கள்.

அப்புறம் யூபிஐ. புதுப் போனில் யூபிஐ ஆப்பை நிறுவினால், அது உங்கள் சிம்மிலிருந்து தானாக ஓர் எஸ்எம்எஸ் அனுப்பித்தான் போனையும் எண்ணையும் பிணைக்கும். வெளிநாட்டில் அந்த எஸ்எம்எஸ் காசும் பிடிக்கும், பல நேரம் போகாமலும் அடம்பிடிக்கும். போன் மாற்றுவதாக இருந்தால் ஊரிலேயே மாற்றி, எல்லா வங்கி ஆப்பையும் அதில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இசிம்முக்கு (அட்டை இல்லாமல் போனிலேயே பதியும் சிம்) மாறுவதையும் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது என்பது விதி. சென்னை விமான நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு தெரிந்துகொள்கிற விஷயமில்லை இது.

இரண்டு: சிம்மை அம்மாவின் பழைய போனில் விட்டுவிட்டு வருவது. ரோமிங் தொல்லை இல்லை, போன் தொலைந்தாலும் எண் பத்திரம். நம் வீடுகளில் அதிகம் நடப்பது இதுதான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. குளிர்காலத்தில் இரு நாட்டுக்கும் நேர வித்தியாசம் நாலரை மணி. வகுப்பெல்லாம் முடித்து இரவு எட்டு மணிக்கு நீங்கள் பணம் அனுப்ப உட்கார்ந்தால் அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. ஓடிபி சில நிமிடம்தான் உயிரோடு இருக்கும். அதற்காக அம்மாவை எழுப்பி, கண்ணாடியைத் தேடச் சொல்லி, ஆறு இலக்கத்தையும் படிக்கச் சொல்ல வேண்டும்.

தூக்கம் கெடுவதைக்கூட விடுங்கள். “ஓடிபியை யாருக்கும் சொல்லாதே” என்று பெற்றோருக்குப் பாடம் எடுப்பவர்களும் நாம்தான், போனில் கேட்டால் படித்துச் சொல்லப் பழக்குபவர்களும் நாம்தான். மோசடிக்காரர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி வகுப்பு வேண்டாம். வங்கி வேலை எதுவும் மிச்சமில்லாத, வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை ஆதார் ஓடிபி மட்டும் தேவைப்படுகிறவருக்கு இந்த வழி சரி. எஸ்எம்எஸ்ஸைத் தானாக வேறு எண்ணுக்கு அனுப்பிவைக்கும் ஆப்கள் பக்கம் போகவே வேண்டாம்.

மூன்று: பிஎஸ்என்எல்லுக்கு மாறுவது. வேலிடிட்டி மலிவு என்பதற்காகச் சிலர் போகிறார்கள். மாறுவதாக இருந்தால் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே மாறி, ரோமிங் வசதி உங்கள் எண்ணில் செயல்படுத்தப்பட்டதை உறுதி செய்துகொள்ளுங்கள். சில நூறு ரூபாய் மிச்சத்துக்காகக் கடைசி நேரத்தில் எடுக்கிற முடிவாக இருக்கக் கூடாது.

நான்கு: எண்ணை விட்டுவிட்டு, வங்கியில் ஜெர்மன் எண்ணைக் கொடுப்பது. படிக்கப் போனாலும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர்தான். சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாடுவாழ் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கு) மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு பல வங்கிகள் வெளிநாட்டு எண்ணுக்கும் ஓடிபி அனுப்பும். ஆனால் யூபிஐயில் வெளிநாட்டு எண்ணை ஏற்க 2023 ஜனவரியில் அறிவித்த முதல் பத்து நாடுகளில் ஜெர்மனி இல்லை. இப்போதைய பட்டியலைப் பார்த்துக்கொண்டு முடிவெடுங்கள். ஆதார் பிரச்சினையும் அப்படியே நிற்கும். படிப்பு முடிந்து வேலையும் கிடைத்து அங்கேயே தங்குகிறவருக்கு இது கடைசியில் வந்து சேரும் இடம். முதல் வருட மாணவருக்கு அவசரமில்லை.

சிம் யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். நம்மில் பலருடைய எண் பள்ளி நாட்களில் அப்பா பெயரில் வாங்கியது. அதை மாற்றிக்கொண்டு போவதுதான் முறை என்பார்கள். ஆனால் வெளிநாட்டில் போன் தொலைந்தால் அப்பா தன் ஆதாரோடு கடைக்குப் போய் மாற்று சிம் வாங்கிவிடலாம். உங்கள் பெயரில் இருந்தால் நீங்கள்தான் நேரில் போய் நிற்க வேண்டியிருக்கும். வங்கி ஆவணங்களில் தகராறு இல்லாதவரை, படிப்பு முடியும் மட்டும் அப்பா பெயரிலேயே இருக்கட்டும் என்பது என் கட்சி.

வாட்ஸ்அப்பையும் இந்திய எண்ணிலேயே விட்டுவையுங்கள். சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் புது எண் கொடுக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கணக்கு எந்த சிம்மில் பதிவாகியிருக்கிறதோ அந்த சிம் போனில் இருந்தால்தான் வாட்ஸ்அப், டெலிகிராம் மாதிரி ஆப்கள் ஓட வேண்டும் என்று 2025 நவம்பர் இறுதியில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. சிம்மை வீட்டில் விடாமல் கையோடு கொண்டுபோக இது இன்னொரு காரணம்.

## ஜெர்மன் எண்: மூன்று வழி

| | பயண இசிம் | மலிவு ப்ரீபெய்டு | இரண்டு வருட ஒப்பந்தம் |
|---|---|---|---|
| எப்போது கிடைக்கும் | ஊரில் இருந்தே | பாஸ்போர்ட்டும் முகவரியும் சரிபார்த்த பிறகு | வங்கிக் கணக்கும் கடன் வரலாறும் பார்த்த பிறகு |
| ஜெர்மன் எண் | பெரும்பாலும் கிடையாது | உண்டு | உண்டு |
| வெளியே வர | சும்மா இருந்தால் போதும் | ரீசார்ஜை நிறுத்தினால் போதும் | எழுத்தில் ரத்து செய்ய வேண்டும் |
| மறை செலவு | ஜிபி விலை அதிகம் | வருடத்துக்கு 13 தவணை | இணைப்புக் கட்டணம், சில மாதம் கழித்து விலையேற்றம் |
| யாருக்கு | முதல் இரண்டு வாரத்துக்கு | கிட்டத்தட்ட எல்லோருக்கும் | சம்பளம் வாங்க ஆரம்பித்தவருக்கு |

ஜெர்மனியில் 2017 ஜூலை முதல் அடையாளம் சரிபார்க்காமல் ப்ரீபெய்டு சிம் செயல்படாது. கடையில் பாக்கெட்டை வாங்கிவிடலாம். அதற்கு உயிர் கொடுக்க வீடியோ அழைப்பிலோ அஞ்சலகத்தில் நேரிலோ பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். சில நிறுவனங்களின் வீடியோ சரிபார்ப்பில் இந்திய பாஸ்போர்ட் எடுபடாது. அப்போது அஞ்சலகத்துக்கு நடக்க வேண்டியதுதான். இறங்கிய அன்றே எண் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். அந்த இடைவெளிக்குப் பயண இசிம் போதும். வரைபடமும் வாட்ஸ்அப்பும் ஓடினால் சரி.

அப்புறம் ஆல்டி டாக் (ஓ2 நெட்வொர்க்), லிடில் கனெக்ட் (வோடஃபோன்), டெலிகாம் குடும்பத்தின் காங்ஸ்டார் போன்ற மலிவு சேவைகளில் ஒன்று. எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. பெரிய நகரத்தில் எல்லாமே கிடைக்கும். சின்ன ஊர் என்றால் அதே விடுதியில் இருக்கும் சீனியரிடம், “அறைக்குள்ள எது எடுக்குது?” என்று கேளுங்கள். ஒரே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் எடுப்பது தரைத்தளச் சமையலறையில் எடுக்காது. தவறாக வாங்கிவிட்டாலும் கவலையில்லை. 2021 டிசம்பர் முதல் எண்ணை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகக் கட்டணம் கேட்கக் கூடாது.

ஒப்பந்தம் எடுத்தால் போன் மலிவாகக் கிடைக்கிறதே என்ற ஆசை வரும். அதிகபட்சம் 24 மாதம் கட்டிப்போடலாம். அதற்குப் பிறகு ஒரு மாத அறிவிப்பில் வெளியேறலாம் என்கிறது சட்டம். முதுகலைப் படிப்பு பெரும்பாலும் நான்கு செமஸ்டர். படிப்பும் 24 மாதம், ஒப்பந்தமும் 24 மாதம், கணக்கு சரி என்று தோன்றும். ஆனால் இன்டர்ன்ஷிப் வேறு ஊரில் அமையலாம், பாதியில் ஊர் திரும்ப நேரலாம், தவணை ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு புதிதாக வந்தவருக்கு ஷூஃபா என்கிற கடன் பதிவேட்டில் எந்த வரலாறும் இருக்காது, விண்ணப்பத்தையே நிராகரிக்கலாம். சம்பளம் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் ரோமிங் கட்டணம் 2017 ஜூனில் நீங்கியது. இப்போதைய ஏற்பாடு 2032 வரை உண்டு. பாரிஸுக்குச் சுற்றுலா போனால் சிம்மைப் பற்றி நினைக்கவே வேண்டாம். சுவிட்சர்லாந்து அந்தக் கணக்கில் இல்லை. லண்டனும் இல்லை. சூரிச் சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பும் முன் உங்கள் திட்டத்தில் அந்த நாடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் எல்லையில் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

## அறையில் இணையம்

மாணவர் விடுதி என்றால் வாடகையிலேயே இணையம் சேர்ந்திருக்கும், பல இடங்களில் சுவரில் கேபிளாக. ஊரிலிருந்து ஒரு சின்ன ரவுட்டர் கொண்டுபோனால் உதவும். பகிர்ந்த வீடு என்றால் ஏற்கெனவே இருக்கும் இணைப்பில் பங்கு கொடுங்கள். தனி வீடு எடுத்துத் தனி இணைப்புக்கு மனுப்போட்டால் ஒப்பந்தமும் டெக்னீஷியன் வரும் தேதியும் உங்களை வாரக்கணக்கில் காக்கவைக்கும். அதுவரை பல்கலைக்கழகத்தின் எடுரோம் வைஃபைதான் துணை. அதே கணக்கில் வேறு நகரத்துப் பல்கலைக்கழகத்திலும் நுழையலாம் என்பது அதன் அழகு.

மறை செலவு இங்கே வேறு உருவத்தில் வரும். டோரண்டில் புதுப்படம் இறக்குகிற பழக்கத்தை விமானத்தில் ஏற்ற வேண்டாம். டோரண்ட் இறக்கும்போதே பிறருக்கு ஏற்றியும் விடுகிறது. ஜெர்மனியில் உரிமையாளர்களின் வக்கீல்கள் ஐபி முகவரியை வைத்து இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குக் கடிதம் அனுப்புவார்கள். பல நூறு யூரோ கேட்பார்கள். பகிர்ந்த வீட்டில் அந்தக் கடிதம் உங்கள் அறைத் தோழர் பெயருக்கு வந்தால், பண நஷ்டத்தோடு தோழமையும் போகும்.

## வீட்டோடு பேச

வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தால் வாட்ஸ்அப் போதும், இதில் ஒப்பிட ஒன்றுமில்லை. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நேர வித்தியாசம் நாலரையிலிருந்து மூன்றரை மணியாகக் குறையும் என்பதை வீட்டில் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் “தினமும் எட்டு மணிக்குப் பேசுவானே” என்று ஒரு மணி நேரம் பதறுவார்கள். துபாயில் விமானம் மாறுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே வாட்ஸ்அப்பில் செய்தி போகும், பேச்சு போகாது. “இறங்கினதும் கூப்பிடறேன்” என்று சொல்லிவிட்டு வந்திருந்தால் செய்தி ஒன்று தட்டிவிடுங்கள்.

பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்குத்தான் வேறு வழி தேட வேண்டும். சாதாரண ஜெர்மன் சிம்மிலிருந்து இந்தியாவுக்கு நேராக அழைத்தால் சில திட்டங்களில் நிமிடத்துக்கு ஒரு யூரோவையும் தாண்டும். இதற்குக் கைகொடுத்த ஸ்கைப்பை 2025 மே மாதம் மூடிவிட்டார்கள். மிச்சம் இருப்பது வெளிநாட்டு அழைப்பு ஆப்களும், இந்திய நிமிடங்கள் சேர்ந்த லெபாரா, லைக்காமொபைல் மாதிரி சிம்களும். இரண்டுமே இலங்கைத் தமிழர்கள் தொடங்கிய நிறுவனங்கள். ஊரோடு பேசத் தவித்த புலம்பெயர்ந்தவர்களை நம்பி வளர்ந்த வியாபாரம் அது. பாட்டியோடு வாரம் ஒருமுறை என்றால் ஆப் போதும். தினமும் பேசுவதாக இருந்தால் இந்த சிம்களையே முதல் சிம்மாக எடுக்கலாம்.

உங்கள் +49 எண்ணை வீட்டில் எல்லோர் போனிலும் பெயரோடு பதிந்துவிடுங்கள். மோசடிகளால் வெளிநாட்டு எண் என்றாலே எடுக்காதே என்று இப்போது எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள், சரியான அறிவுரைதான். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்து கூப்பிடும் அன்று அது இடிக்கக் கூடாது.

## தபால் பெட்டி

ஜெர்மனியில் இன்னும் காகிதம்தான் ராஜா. முகவரியைப் பதிவு செய்ததும் 11 இலக்க வரி எண் கடிதத்தில் வரும். வங்கி அட்டை ஒரு கவரில், அதன் ரகசிய எண் (PIN) இன்னொரு கவரில், வேறொரு நாளில் வரும். காப்பீட்டு அட்டை, குடியிருப்பு அனுமதி அட்டைக்கான ரகசிய எண், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கேட்கும் ஒலிபரப்புக் கட்டண நோட்டீஸ் எல்லாமே பெட்டிக்குள்தான் விழும்.

பெட்டியில் உங்கள் பெயர் இல்லையென்றால் எதுவும் விழாது. நம் ஊரில் கதவு எண் சரியாக இருந்தால் தபால்காரர் விசாரித்தாவது கொடுத்துவிடுவார். அங்கே முகவரியில் பெரும்பாலும் வீட்டு எண்ணே கிடையாது. தெரு, கட்டட எண், அதற்குமேல் பெயர்தான் அடையாளம். வாசலில் இருபது பெட்டி வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றிலும் சின்னச் சீட்டில் குடும்பப்பெயர். அந்தச் சீட்டில் இல்லாத பெயருக்கு வந்த கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருக்கும். ஒரு அலுவலகம் உங்கள் பெயரில் எழுதும், இன்னொன்று அப்பா பெயரில் எழுதும். சீட்டில் இரண்டையும் எழுதி ஒட்டுங்கள்.

இங்கே உங்களுக்கு மூன்று தேர்வு. சொந்தப் பெட்டியில் பெயர் ஒட்டுவது முதல் தேர்வு, செலவும் இல்லை. இன்னும் நிரந்தர அறை கிடைக்காதவர், நண்பர் வீட்டு முகவரியில் “இன்னார் மூலமாக” என்று போட்டுக்கொள்ளலாம். நண்பர் தினமும் பெட்டியைத் திறப்பவராக இருக்க வேண்டும். அறை மாறும்போது, பழைய முகவரிக்கு வருவதைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் சேவையை அஞ்சல் நிறுவனமே ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை கட்டணத்துக்குத் தருகிறது. ஒரு செமஸ்டரில் இரண்டு முறை அறை மாறுகிறவருக்கு அந்தக் காசு வீண் இல்லை.

மஞ்சள் கவர் (நீதிமன்றமோ அரசு அலுவலகமோ அனுப்பும் அதிகாரபூர்வக் கடிதம்) வந்தால் மட்டும் அலட்சியம் வேண்டாம். தபால்காரர் கவரின் மேலேயே தேதி எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். நீங்கள் பிரித்தீர்களா இல்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள், அந்தத் தேதியில் இருந்து கெடு ஓடத் தொடங்கிவிடும். விடுமுறைக்கு ஊருக்கு வரும் ஒரு மாதமும் உங்கள் பெட்டியைத் திறந்து, கவரைப் படமெடுத்து அனுப்ப ஒருவரிடம் சாவி கொடுத்துவிட்டு வாருங்கள்.

கடிதம் போட ஆசைப்படுகிறவர்களுக்கு: ஜெர்மனியிலிருந்து இந்தியாவுக்குச் சாதாரணக் கடிதமோ அஞ்சலட்டையோ 1.25 யூரோ. இரண்டு மூன்று வாரம் ஆனாலும் பாட்டி அதைப் பூஜை அலமாரியில் வைப்பார். வாட்ஸ்அப் படத்துக்கு அந்த மரியாதை கிடைக்காது.

## ஊரிலிருந்து பார்சல்

நான்கு வழி உண்டு: இந்திய அஞ்சல், தனியார் கூரியர், வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவது, அனுப்பாமலே இருப்பது.

இந்திய அஞ்சலின் வெளிநாட்டு ஸ்பீட் போஸ்ட் நிதானமானது, பெட்டி கனமாக இருந்தால் கூரியரைவிட மலிவாக முடியும். பொட்டலம் கட்டுவதும் சுங்கப் படிவம் நிரப்புவதும் உங்கள் வீட்டார் வேலை. சென்னை, கோவை, திருச்சியில் “பாரின் கூரியர்” என்று பலகை வைத்திருக்கும் முகவர்கள் வீட்டுக்கே வந்து எடுத்து, ஊறுகாயை வாக்குவம் பேக் செய்து, கிலோ இவ்வளவு என்று சொல்வார்கள். அந்தக் கிலோ தராசுக் கிலோ அல்ல. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வருவது பரிமாண எடை. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம். 40-க்கு 30-க்கு 30 பெட்டியில் நாலு கிலோ முறுக்கும் அப்பளமும் அனுப்பினால் 7.2 கிலோவுக்குக் கட்டுவீர்கள். முறுக்குக்கு நடுவே இருக்கும் காற்றுக்கும் சேர்த்து. பொடி வகை, புளி, ஊறுகாய் மாதிரி அடர்த்தியானதற்குக் கூரியர். பொரித்த பலகாரங்களுக்கு வேண்டாம்.

இரண்டு வழியிலும் ஜெர்மன் சுங்கம் பொது. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் அன்பளிப்பு 45 யூரோ மதிப்புக்குள் இருந்தால் வரி இல்லை. பெட்டிமேல் ஒட்டும் படிவத்தில் “உணவுப்பொருள்” என்று மொட்டையாக எழுதினால், சுங்க அலுவலகத்துக்கு வரச்சொல்லி உங்களுக்குக் கடிதம் வரும். அங்கே மேஜைமேல் நீங்களே பெட்டியைப் பிரித்து, பருப்புப்பொடி என்றால் என்ன என்று ஜெர்மனில் விளக்க வேண்டும். என் தோழி ஒருத்தி கடைசியில் மூடியைத் திறந்து அதிகாரியை முகர்ந்து பார்க்கச் சொன்னாள்; தும்மியவர் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒவ்வொரு பொருளின் பெயர், எடை, விலையைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

நெய், பனீர், பால்பவுடர், இறைச்சி எதுவும் கூடாது. பார்சலிலும் சரி, நீங்கள் கொண்டுபோகும் பயணப் பெட்டியிலும் சரி. பால் நிறைந்த இனிப்பையும் தவிர்ப்பது நல்லது. கருவாட்டுக்கு ஆச்சரியமாக அனுமதி உண்டு, குடல் நீக்கிய மீனாகவோ பதப்படுத்தியதாகவோ 20 கிலோ வரை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்று கேட்பார்கள். 2019 டிசம்பரில் வந்த விதிப்படி வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஐந்துக்கு மட்டும் அந்தச் சான்று தேவையில்லை. மருந்தைத் தபாலில் அனுப்பவே கூடாது. தொடர்ந்து சாப்பிடுகிற மாத்திரை இருந்தால், மூன்று மாதத்துக்கான அளவை டாக்டர் சீட்டோடு நீங்களே எடுத்துப்போகலாம். அதற்குள் அங்கே ஒரு டாக்டரைப் பிடிக்க வேண்டும்.

வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவதற்குக் காசு இல்லை, கடன் உண்டு. அவருடைய 23 கிலோவில் மூன்று கிலோ கேட்கிறோம், அவர் ஊர் ஹாம்பர்க், உங்கள் ஊர் மியூனிக் என்றால் உள்ளூர் பார்சல் செலவு உங்களுடையது. மூடிய பெட்டியாகக் கொடுக்காமல் அவர் கண் முன்னால் கட்டிக் கொடுப்பது மரியாதை, அவருக்குப் பாதுகாப்பும்கூட.

நாலாவது வழியைப் பலர் நினைப்பதே இல்லை. டார்ட்மண்ட், எஸன், பெர்லின், பிராங்க்ஃபர்ட் போன்ற நகரங்களில் இலங்கைத் தமிழர் கடைகள் இருக்கின்றன. மிளகாய்த்தூள், இடியப்ப மா, கருவாடு, உளுந்து, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒருமுறை போனால் அந்த வட்டாரத்துக் கடைகளின் விலாசம் தானாகத் தெரிந்துவிடும். பார்சலுக்கு உகந்தது அங்கே கிடைக்காத வீட்டுச் சரக்கு மட்டும்தான்: அம்மா அரைத்த சாம்பார் பொடி, ஆவக்காய், பாட்டியின் வடகம்.

திரும்பி இந்தியாவுக்கு அன்பளிப்பு அனுப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புப் பார்சலுக்கு இருந்த வரிவிலக்கை 2019 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும்தான் விலக்கு. தங்கைக்குச் சாக்லேட் வேண்டுமென்றால் நீங்கள் ஊருக்கு வரும்போது கொண்டுவாருங்கள்.

ஆவணங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. கல்விக் கடனுக்காகவோ சொத்து வேலைக்காகவோ அப்பாவுக்கு அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) கொடுப்பதாக இருந்தால், பெர்லின் தூதரகத்திலோ மியூனிக், பிராங்க்ஃபர்ட், ஹாம்பர்க் துணைத் தூதரகத்திலோ கையெழுத்திட்டுச் சான்று வாங்கி, மூலப் பத்திரத்தையே அனுப்ப வேண்டும். இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அதைச் சாதாரணத் தபாலில் போடாதீர்கள். கண்காணிப்பு எண்ணோடு கூரியரில் அனுப்பி, அப்பாவின் செல் எண்ணைக் கவரின் மேல் எழுதி, சேர்ந்த நாளைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் கிளம்பும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் அதிகாரப் பத்திரத்தை எழுதிப் பதிந்துவிட்டுப் போனால் அந்தக் கூரியர் செலவும் மிச்சம்.